நாவலப்பிட்டியில் எழுந்த ஒரு சொல்

பிறநாட்டில் வாழச் சென்ற ஐரோப்பியர் ஒருவர் அந்நாட்டு அரசியலிற் கால்வைத்துப் பின் மீளமுடியாது சிக்குண்ட வரலாறுகள் கீழைத்தேயத்திற் பல உள. அவற்றுட் சீனநாட்டைச் சார்ந்தவை தனிச்சுவை வாய்ந்தவை. எட்மண்ட் பாக்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1898ஆம் ஆண்டளவிற் பீக்கிங் நகரை அடைந்து, 1944இல் அந்நகரிலேயே உயிர் நீத்தார். அவரும் பிளாண்ட் என்பாரும் சேர்ந்து 1910இல் வெளியிட்ட நூல், சீனப் பேரரசியின் அரண்மனையைப் பற்றி ஆங்கிலங் கற்ற உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த நூலாகும். அந்நூலுக்கு உயிர்நாடியாய் அமைந்தது மஞ்சு அதிகாரி ஒருவருடைய நாட்குறிப்பு. அந்நாட்குறிப்புப் போலியானது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1976இற் பாக்ஹவுசின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து, பொய்ப்பத்திரம் புனைதல் அவருக்கு வாழ்நாட் பழக்கமாகவே இருந்ததெனக் காட்டினார்.

பாக்ஹவுஸ் ஒரு முனை எனின், மைக்கேல் லின்ட்சே மறுமுனை. பீக்கிங்கிலுள்ள யென்சிங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த அவர், 1941 டிசெம்பரிற் பசிபிக் யுத்தம் மூண்டதும் சீனக் கொம்யூனிஸ்டுகளின் கரந்துறை போர்ப் பகுதிக்குத் தப்பிச் சென்று, அவர்களுடைய வானொலிக் கருவிகளைச் செப்பனிட்டுக் கொடுத்துப் போர் முடியுமட்டும் அங்கே வாழ்ந்தார். இவ்விருவருக்குமிடையே, 1938இற் சீனத்துப் போர்முனையைக் காணச் சென்று அடுத்த ஆண்டே நூல் வெளியிட்ட ஓடன், இஷர்வூட் போன்ற எழுத்தாளரும் உளர். இவர்களுட் பொய்யரும் மெய்யரும் வழிப்போக்கரும் இருப்பினும் ஒன்றில் ஒற்றுமையுடையர்: தத்தம் கதையைத் தாமே எழுதினர். நாம் அவர்களை ஐயுறுவதாயினும், அவர்கள் எழுதி வைத்ததை முன்வைத்தே ஐயுறவேண்டியிருக்கிறது.

நம் மலைநாட்டுக்கும் இவ்வகையினர் ஒருவர் வந்தார். ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியவை அவர் எழுதிய நூல்களல்ல. பொலிஸ் குறிப்பு, தேசாதிபதியின் கட்டளை, உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அரசாங்க சபை விவாதம் என்னும் பிறர் எழுத்துக்களே. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டிலின் கதை என நாம் படிப்பது, உண்மையில் அவரைக் கண்டு அஞ்சியவரும் அவரைக் கொண்டு பயன்பெற்றவரும் எழுதிய கதையாகும். அவ்வெழுத்துக்களைச் சற்றே ஊன்றிப் படித்து, அவற்றுள் மலைநாட்டுத் தொழிலாளருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவே கூறலாம். 1912இல் இலண்டன் நகரின் செல்சிப் பகுதியிற் பிறந்தார். தாயார் பெண்கள் வாக்குரிமைக் கிளர்ச்சியில் ஈடுபட்டவர். தாயுடன் அவுஸ்திரேலியா சென்று அங்கே ஓவியமும் வேளாண்மையும் பயின்ற அவர், 1935இல் அந்நாட்டு இளங் கொம்யூனிஸ்ட் கழகத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தேயிலைத் தொழில் பழகுதற்காக இலங்கைக்குக் கப்பலேறி, மாத்தளைக்கு அண்மையிலுள்ள மடுல்கலையில் ரெலுகாஸ் என்னும் தோட்டத்திற் பயிற்சித் துரையாய் அமர்ந்தார். இப்பயிற்சித் துரைமாரைத் தோட்டத்து ஆங்கிலத்திற் ‘கிறீப்பர்’ என்பர். கொடி கொம்பைப் பற்றி ஏறுவது போலப் பெரிய துரையைப் பற்றி ஏறவேண்டியவர் என்ற குறிப்பு அப்பெயரில் உண்டு போலும். இவரோ ஏறவேண்டிய கொம்பை விட்டுத் தொழிலாளர் பக்கஞ் சாய்ந்தார். வேலை போயிற்று. 1935 டிசெம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியில் அவர் சேர்ந்து, 1936 நவம்பரிற் கொழும்பில் அக்கட்சி மேடையிற் பேசினார். வெள்ளையர் ஒருவர் அத்தகைய மேடையில் ஏறியது நகரத்தாருக்கு வியப்பாயிருந்தது.

மேலே செல்லுமுன், அக்காலத் தோட்டத்தின் அமைப்பை மாணவர் மனத்தில் இருத்துதல் நன்று. தோட்டம் என்பது தனியார் நிலம். வெளியார் ஒருவர் அனுமதியின்றி உள்ளே புகுந்தால் அத்துமீறிப் புகுந்த குற்றத்துக்காளாவார். அதனாலன்றோ தொழிற்சங்கக் கூட்டங்கள் லயங்களின் முற்றத்தில் நடவாமல் அட்டன், நாவலப்பிட்டி முதலிய கடைவீதி நகரங்களில் நடந்தன. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டத்துக்குட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்னும் செய்தி நம்மவர் பலரும் அறிந்ததே. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த அவர் பத்திரிகாசிரியர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய தாள்களை நடத்தியவர். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் பாடல்களாலேயே அரசியலைப் பரப்பினார். பிறநாட்டிலிருந்து வந்து இந்நாட்டு அரசியலிற் சிக்குண்ட எழுத்தாளர் என்னும் பெயருக்கு மலைநாட்டில் உண்மையான உரிமையுடையவர் நடேசய்யரே. அவர் எழுதியது தமிழ். படித்ததும் கேட்டதும் தொழிலாளர். ஆயினும் இந்நாட்டு அரசியல் வரலாறு கூறும் ஆங்கில நூல்கள் பலவற்றிற் பிரேஸ்கேர்டிலுக்குக் கிடைத்த பக்கங்கள் நடேசய்யருக்குக் கிடைக்கவில்லை. இதனை மனத்திற் கொண்டு நாவலப்பிட்டிக்குச் செல்வோம்.

1937ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சியார் கூட்டிய கூட்டத்துக்குத் தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டாயிரவர் வந்திருந்தனர் என்பர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையாரும் அங்கிருந்தார். கலாநிதி என். எம். பெரேரா, வெள்ளைத் தோழர் ஒருவர் பேசுவார் என்று அறிவித்துப் பிரேஸ்கேர்டிலை அழைத்தார். அவர் எழுந்து துரைமாரைச் சாடினார். அவர்தம் முறைகேடுகளைத் தாம் உள்ளிருந்து அறிந்தவர் என்றும், அவற்றை வெளிப்படுத்தப் போவதாகவும் கூறினார். கூட்டத்தை ஐயக்கண்ணோடு நோக்கியவர் எழுதிய ஆங்கில வருணனை ஒன்று, அவர் பேசிய தோரணையும் முகக்குறியும் நின்ற நிலையும் அச்சுறுத்துவனவாய் இருந்தன என்கிறது. அவர் கூறிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர் ‘சாமி, சாமி’ என்று ஆரவாரித்தனர் என்றும் அது குறிக்கிறது. சட்டத்தை மீற துரைமாரை இனி விடலாகாது என்று தொழிலாளர் தம்முட் பேசிக்கொண்டதாகவும் அதிற் காணப்படுகிறது. ஆனால் அப்பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. இரண்டாயிரம் வாய்களிலிருந்து எழுந்தவற்றுள் அவ்வருணனை தமிழாகவே விட்டுவைத்த சொல் ‘சாமி’ ஒன்றுதான்.

இச்சொல்லைப் பின்வந்த ஆங்கில எழுத்துக்கள் ‘எசமானே’ எனப் பொருள் தந்து கடந்து போகின்றன. அவ்வளவில் நின்றால், அறியா மக்கள் வெள்ளைத்தோலைக் கண்டு வணங்கினர் என்பதே பொருளாய் முடியும். துரைமாருக்கும் அப்பொருளே உவப்பானது. தம்மை வணங்கிய மக்களை வேறொரு வெள்ளையன் தன்பால் ஈர்த்துக்கொண்டான் என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். தமிழறிந்தார்க்கு இப்பொருள் போதாது.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நிலமற்ற மக்களின் வழக்கில் ‘சாமி’ பல படிகளையுடைய சொல். நிலக்கிழாரை அழைப்பதும் அச்சொல்லாலே. குலதெய்வத்தை அழைப்பதும் அச்சொல்லாலே. தாய் தன் மகவை மடியிலிட்டுக் கொஞ்சுவதும் அச்சொல்லாலே. எதிர்பாராத ஒன்றைக் கண்டு வியந்து வாய்விட்டுக் கூறுவதும் அச்சொல்லே. தோட்டத்துக்கு வந்தபின் அது மேலும் விரிந்தது. கவ்வாத்துக் கத்தி கைதவறாமற் காக்கக் கவ்வாத்துச்சாமி. ஆலையின் சக்கரம் கையைப் பறியாமற் காக்க ரோதமுனி. ஆபத்து எங்கே உண்டோ அங்கே ஒரு சாமியை நிறுத்திய மக்கள் அவர்கள்.

இன்னுமொன்று ஈண்டு கருதற்பாலது. வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியை அழைக்கத் தோட்டத் தமிழில் வேறொரு சொல் நிலைபெற்றிருந்தது. அது ‘துரை’. பெரிய துரை, சின்னத்துரை, துரைசாணி என்று அச்சொல் ஒரு குடும்பமாகவே தழைத்திருந்தது. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் வாயில் வரும் சொல் அது. நாவலப்பிட்டி மேடையில் நின்றவரும் வெள்ளையரே. சில திங்களுக்கு முன்வரை சின்னத்துரையாகும் வரிசையில் நின்றவரே. அவரை நோக்கி எழுந்த குரல் ‘துரை’ என்னாது ‘சாமி’ என்றதாயின், கூடியிருந்தோர் அவரைத் துரைமார் வரிசையிலிருந்து பிரித்தெடுத்து வேறோரிடத்தில் வைத்தனர் என்று கொள்ள இடமுண்டு. அவ்விடம் வழிபாட்டுக்குரியதா, வியப்புக்குரியதா, காவலுக்குரியதா என்பதை அச்சொல் ஒன்றைக் கொண்டே முடிவு செய்தல் மிகையாகும். ஆயினும், பழக்கப்பட்ட பணிவுச்சொல்லை விட்டு வேறொரு சொல்லைத் தெரிந்து கூறினர் என்ற அளவுக்கேனும் அவர்கள் பேசத் தெரிந்தவர்களே. அவ்வருணனையை எழுதியவர் செவியில் அவ்வேறுபாடு விழவில்லை.

அக்கூட்டத்தை வேறொருவரும் தம் முறையிற் படித்தார். அவர் தேசாதிபதி ஸர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ். இவர் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனிற் பிரேஸ்கேர்டில் கதையிற் சீன அரசியல் உண்மையாகவே நுழையும் வாயில் இவரே.

ஸ்டப்ஸ் இலங்கைக்குப் புதியவரல்லர். 1913 முதல் 1919 வரை இங்கே குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்தார். 1915 கலவரத்தின்போது பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டமும், அதன் பெயரால் நடந்த கொடுமைகளும், அவற்றை எதிர்த்து ஸர் பொன்னம்பலம் இராமநாதன் தொடுத்த வாதமும் அவர் பதவிக்காலத்துள் அடங்குவன. 1919இல் ஹொங்கொங் தேசாதிபதியாய்ச் சென்றார். 1922 சனவரியிற் சீன மாலுமிகள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். துறைமுகம் முடங்கியது. அரசாங்கம் மாலுமிகள் சங்கத்தைச் சட்டவிரோதமாக்கியது. பொலிசார் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சென்றனர். பெப்ரவரி இறுதியில், நெருக்கடி எனத் தேசாதிபதி கருதும் வேளையில் விரும்பிய விதிகளை ஆக்க அதிகாரந் தரும் சட்டம் ஒன்று விரைந்து நிறைவேறியது. மார்ச் 4ஆம் நாள், ஹொங்கொங்கை விட்டுக் கன்டன் நோக்கி நடந்து சென்ற தொழிலாளர்மீது ஷாட்டின் அருகே துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. ஆயினும் வேலைநிறுத்தம் வென்றது. ஊதியம் உயர்ந்தது, கழற்றிய பெயர்ப்பலகை மீண்டும் அதே இடத்தில் மாட்டப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1925 ஜூனில் கன்டன்–ஹொங்கொங் பெரு வேலைநிறுத்தம் மூண்டது. அது அடுத்த ஆண்டு ஒக்டோபர் வரை நீடித்தது. ஸ்டப்ஸ் அதன் முடிவைக் காணாமலே பதவிக்காலம் முடிந்து அத்தீவை விட்டகன்றார். யமேக்கா, சைப்பிரசு ஆகிய நாடுகளை ஆண்டபின் 1933இல் மீண்டும் இலங்கைக்கு வந்தார்.

இவ்வனுபவமுடைய ஒருவர், தோட்டத் தொழிலாளர் இரண்டாயிரவர் நடுவே நின்று வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் துரைமாரைச் சாடுகிறான் என்ற செய்தியைப் படிக்கும்போது அவர் மனக்கண்முன் வருவது எதுவாயிருக்கும்? அவர் அந்தரங்கத்தை நாம் எழுதிக் காட்ட முற்படுதல் பாக்ஹவுஸ் செய்த வேலையாகிவிடும். எனினும், இலங்கையின் வருவாயிற் பெரும்பகுதி தேயிலையிலே தங்கியிருந்தது என்பதும், துறைமுகத்தை மாலுமிகள் முடக்கியது போலத் தேயிலையைக் கொழுந்தெடுக்குங் கைகள் முடக்கல் கூடும் என்பதும் எவரும் அறியக்கூடியன. மற்றும், கிளர்ச்சிக்குக் காரணம் கூலியும் பசியும் ஆதல் கூடும் என்று எண்ணாது, வெளியிலிருந்து வந்த தூண்டுவோனே காரணமென எண்ணுவது குடியேற்ற ஆட்சியாளரின் நெடுநாட் பழக்கம். அங்கே கன்டன், இங்கே பிரேஸ்கேர்டில். தூண்டுவோனை அகற்றினால் தூண்டலும் அகலும் என்னும் அக்கணக்கில், தொழிலாளருக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இருத்தல் கூடும் என்பதற்கு இடமே இல்லை.

கட்டளை பிறந்தது. ஏப்பிரல் 22ஆம் நாள் அது பிரேஸ்கேர்டில் கையிற் கொடுக்கப்பட்டது. 24ஆம் நாள் மாலை 6 மணிக்குள் ‘மூல்ற்றான்’ என்னும் கப்பலில் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். ஆதாரமாய்க் காட்டப்பட்டது 1896ஆம் ஆண்டு அரசாணை ஒன்று. கப்பல் புறப்பட்டது, அவர் அதில் ஏறவில்லை, தலைமறைவானார். பொலிசார் நாடெங்கும் தேடினர். மேதின ஊர்வலத்தில், பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்சை நாடுகடத்துக என்னும் கருத்துடைய பதாகைகள் உயர்ந்தன. மே 5ஆம் நாள் காலிமுகத்திடலிற் கொல்வின் ஆர். டி சில்வா தலைமையிற் பெருங்கூட்டம் கூடியது, ஐம்பதினாயிரவர் என்பர். தேடப்பட்டவர் அம்மேடையிலேயே தோன்றினார். சூழ்ந்து நின்ற மக்கட்கடலைக் கண்டு பொலிசார் வாளாவிருந்தனர். இந்நாடகச் சுவைதான் இக்கதையை இன்றளவும் மக்கள் வாயில் வாழச் செய்தது. அதே வாரத்தில் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத் தெருக்களில் இடதுசாரிகள் தம்முட் சுட்டுக்கொண்டிருந்ததையும், அங்கே ஜோர்ஜ் ஓர்வெல் துப்பாக்கியேந்தி நின்றதையும், அடுத்த ஆண்டே அவர் அதனை நூலாக்கியதையும் நினைத்துப் பார்க்கலாம். காலிமுகத்திடலுக்கு ஓர் ஓர்வெல் வாய்க்கவில்லை.

சில நாளிற் பிரேஸ்கேர்டில் கொழும்பு புதுக்கடையில் கைதானார். ஆட்கொணர் மனு முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தது. நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞருள் ஒருவரான எச். வி. பெரேரா கூலி பெறாது வாதித்தார். பிரதம நீதியரசர் ஸர் சிட்னி ஏபிரகாம்ஸ் உள்ளிட்ட மூவர் விசாரித்து, மே 18ஆம் நாள் அவரை விடுவித்தனர்.

இத்தீர்ப்பைப் பற்றி ஒரு பிழைக்கருத்து நிலவுகிறது. பேச்சுச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியமைக்காக ஒருவரை நாடுகடத்தலாகாது என நீதிமன்றம் கூறிற்று என்று பலரும் எழுதுவர். மேடைகளிலும் அவ்வாறே முழங்குவர். தீர்ப்பின் அடிப்படை அதனினும் ஒடுங்கியது, ஒருவகையில் அதனினும் கூரியது. 1896ஆம் ஆண்டு அரசாணை தந்த அதிகாரம் நாட்டில் நெருக்கடி நிலவும் காலத்துக்கு உரியது. அமைதி நிலவும் நாளில் அதனைத் தேசாதிபதி தம் விருப்பப்படி எடுத்தாளுதல் ஒவ்வாது என்பதே அதன் சாரம். நெருக்கடி எது என்னும் கேள்வியே வழக்கின் அச்சாணி. கொழும்பிலே 1915இலும் ஹொங்கொங்கிலே 1922இலும் நெருக்கடியின் பெயரால் ஆட்சி நடந்ததைப் பதவியிலிருந்து கண்டவரிடம், இங்கே நெருக்கடி இல்லை என மூன்று நீதிபதிகள் கூறிவிட்டனர். தீர்ப்பின் அருமை அதுவே. அதைப் பேச்சுரிமைப் பிரகடனமாக்கிப் பெருக்குவது, உள்ள பெருமையை விட்டு இல்லாததைச் சூட்டுவதாகும்.

அரசாங்க சபையில் நடந்ததும் ஊன்றிப் படிக்கத்தக்கது. மே 5ஆம் நாளே அங்கு என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதிமீது கண்டனத் தீர்மானம் கொணர்ந்தனர். 34 வாக்குகள் சார்பாகவும் 7 எதிராகவும் விழுந்தன. சமசமாஜிகளைச் சற்றும் விரும்பாத பழைமைவாதிகளும் சார்பாக வாக்களித்தமைக்குக் காரணம் வெளிப்படை. பதில் உள்நாட்டமைச்சரின் ஆலோசனையின்றித் தேசாதிபதி நடந்தது டொனமூர் அரசியலமைப்பைப் புறக்கணிப்பதாகும் என்பதே முறையீடு. அஃதாவது, பறிபோனது அமைச்சரின் அதிகாரம். நாவலப்பிட்டியிற் கூடியோர் எதற்காகக் கூடினர் என்னும் கேள்வி அச்சபைக்கு வேண்டப்படாததாயிற்று. இதே அரசாங்க சபைதான் அடுத்து வந்த மாதங்களிற் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையைத் திருத்தியபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளரை அவ்வுரிமைக்குப் புறம்பாக்க முற்பட்டது. இன வேற்றுமை என்ற பழி வந்தபோது, எவ்வினத்தவராயினும் தோட்டத் தொழிலாளர் யாவரும் புறம்பென வாசகத்தை மாற்றிப் பழியை நீக்கிக்கொண்டது. வெள்ளையர் ஒருவரின் நாடுகடத்தலைக் கண்டித்து உயர்ந்த கைகளும் இந்தச் சட்டத்தை ஆக்கிய கைகளும் ஒரே மண்டபத்தைச் சேர்ந்தவை.

நாடுகடத்தல் என்பது தோட்டத் தொழிலாளருக்குப் புதுச் சொல்லன்று. பெயர் வேறு, அவ்வளவே. துரைக்குப் பிடியாத தொழிலாளிக்குப் பற்றுச்சீட்டுக் கிழித்துக் கொடுப்பர். ஒரு மாத அறிவித்தலோடு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து அறையும் முடிந்தது. அறை முடிந்தால், அங்கே நட்ட மரக்கறியும் வளர்த்த மாடும் புதைத்த முன்னோரும் முடிந்தனர். பக்கத்துத் தோட்டம் ஏற்காவிடில், தலைமன்னார் வழியே கடல் கடப்பதன்றி வேறு போக்கில்லை. பிரேஸ்கேர்டிலுக்கு 48 மணி நேரத்தவணை கொடுத்தது கொடுமை என்று நாடே கொதித்தது. அது நியாயமான கொதிப்பே. ஆயின் தொழிலாளியும் அன்று சட்டப்படி பிரித்தானிய மன்னரின் குடியே. பிரேஸ்கேர்டிலும் அதே மன்னரின் குடியே. இருவருக்குமிடையே சட்டத்திலில்லாத வேறுபாட்டை வழக்கறிஞரின் வாயிலும் பத்திரிகையின் பக்கமும் உண்டாக்கின. பற்றுச்சீட்டைக் காட்டி ஆட்கொணர் மனுக் கேட்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இதற்காகப் பிரேஸ்கேர்டிலைக் குறை கூறுதல் தகாது. தமக்குரிய வெள்ளைத்தோலின் சலுகையை அவர் துரைமாரோடு சேர்ந்து அனுபவித்திருக்கலாம். அதை உதறி எழுந்தமை பெருமைக்குரியது. 1937க்குப் பின் நெடுநாள் இங்கே தங்காது இங்கிலாந்து சென்ற அவர், 1999இற் காலமானார். இலங்கையிற் பெற்ற புகழை மூலதனமாக்கிக் கொண்டவராகவும் தெரியவில்லை. குறை வாசிப்போரிடத்தே உளது. ஜோர்ஜ் லெர்ஸ்கி 1968இல் எழுதிய இலங்கை ட்ரொட்ஸ்கியர் வரலாறு ஒரு கட்சியின் கதை; அதற்குப் பிரேஸ்கேர்டில் இன்றியமையாதவர். குமாரி ஜயவர்தன 1972இல் வெளியிட்ட தொழிலாளர் இயக்க வரலாறு நடேசய்யரின் தோட்டத் தொழிற்சங்கப் பணிக்கு உரிய இடம் அளித்தது. அவ்வகையில் அது பெரும்பணி. சாரல்நாடன் தமிழில் நடேசய்யர் வரலாற்றை எழுதி அவரை மீட்டுத் தந்தார். சி. வி. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இற் பாராளுமன்றம் புகுந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் லயத்து வாழ்வை உள்ளிருந்து எழுதினார். தொழிலாளர் வாய்ப்பாடல்களையும் தொகுத்தார். ‘சாமி’ என்ற ஒரு சொல்லோடு ஆவணம் நிறுத்திக்கொண்ட இடத்தில், அம்மக்கள் இன்னும் என்னென்ன சொல்ல வல்லவர் என்பதை அறிய விரும்புவோர் அத்தொகுப்பைத்தான் நாடவேண்டும். காலிமுகத்திடலின் கதையை மனப்பாடமாய் ஒப்பிக்கும் நம் மாணவர் பலர் அதனைத் தொட்டும் பார்த்திலர்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அன்று பாராளுமன்றத்திற் சமசமாஜிகள் அதனை எதிர்த்தே வாக்களித்தனர். அதனை மறத்தல் நன்றியன்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரவரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் எனப் பங்கிட்டது. அவ்வேளை அவ்வரசாங்கத்தின் நிதியமைச்சர், நாவலப்பிட்டி மேடையில் வெள்ளைத் தோழரை அழைத்துப் பேசவைத்த அதே என். எம். பெரேரா ஆவர். 27 ஆண்டுகளில் மனிதர் மாறுவர். கூட்டாட்சியின் நெருக்குதலும் இருந்திருக்கும். எனினும் அவர் வரலாற்றை எழுதுவோர் 1937ஐ ஓர் அதிகாரத்திலும் 1964ஐ வேறோர் அதிகாரத்திலும் வைத்து, இரண்டையும் ஒருசேர நோக்காது செல்லுதல் முறையன்று. நாடற்றவர் எனப்பட்டோருட் கடைசியாய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

ஆவணங்களுக்குள் தொழிலாளி தன் பெயரோடு நுழைய வேறொரு வழி இருந்தது. நாவலப்பிட்டிக் கூட்டம் நடந்து மூன்றாண்டுக்குள், தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள மூல்ஓயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதனை விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் சார்பில் வாதித்தார். அவ்விசாரணையின் தாள்களில் இறந்தவரின் பெயர் எழுதப்பட்டுள்ளது: கோவிந்தன்.